கிம்ச்சிப் பெட்டியின் இடப்பக்கம்

தன் வீட்டுக் கிம்ச்சிப் பெட்டியில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத பெண்ணை நம்பி நான் ஒரு முட்டைக்கோசைக்கூடக் கொடுக்க மாட்டேன். சாதாரண ஃப்ரிட்ஜில் எதை எங்கே வேண்டுமானாலும் திணிக்கலாம். முட்டைக்கோசை உப்பும் மிளகாயும் போட்டுப் புளிக்கவைக்கிற கிம்ச்சிக்கென்றே வாங்குகிற குளிர்ப்பெட்டி அப்படியில்லை. மூடியைத் தூக்கினால் கிணறு போல இரண்டு பள்ளங்கள். என் வீட்டில் இடப்பக்கம் மருமகளுடையது, வலப்பக்கம் மற்றவர்களுடையது. அவளுக்கு உப்பு ஆகாது. அதனால் உப்பைக் குறைத்து, பேரிக்காயைக் கொஞ்சம் கூடுதலாக அரைத்துச் சேர்த்து, தனியாகப் போட்டு வைப்பேன். பச்சை மூடி டப்பா. அதிலிருந்து வேறு யாராவது ஒரு துண்டு எடுத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வக்கீல் தம்பி என்னை ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். "அம்மா, கிம்ச்சி போட்ட அன்னைக்கு மருந்துக் குப்பியெல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு, எது எதுன்னு தெரியாம போட்டுட்டேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல வாயே தொறக்காதீங்க." நல்ல பிள்ளை. சட்டைக் காலரைத் தேய்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது. அவர் சொல்வது பொய்யும் இல்லை. குப்பிகள் கலந்தது உண்மை. என் நாத்தனார் பொக்ஜாதான் கலந்தாள். அதற்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர், நீங்கள் அந்தக் காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் பெயர் நோ மல்சூன். இக்சான் ஊரில் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஊசி அத்தை என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வழி காட்டுவார்கள். சின்ன வயதில் ஒரு மருத்துவரிடம் உதவியாளாக இருந்தேன். அவர் கிளினிக்கை மூடிய பிறகு வீடு வீடாகப் போய் ஊசி போட ஆரம்பித்தேன். பூண்டு ஊசி, சோர்வுக்கான குளுக்கோஸ், மகன் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாக்கள் கேட்கிற முகப் பளபளப்பு ஊசி. எனக்கு உரிமம் கிடையாது. இருப்பதாக யாரிடமும் சொன்னதும் கிடையாது. ஆஸ்பத்திரியில் நான்கு வார்த்தை பேசி அனுப்பிவிடுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டு முடிகிற வரைக்கும் அவர்கள் மாமியாரைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதி நோய் அதிலேயே போய்விடும். இந்த ஊரில் என் கையால் ஒருத்தருக்கும் புண் வைத்ததில்லை. சந்தையில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெப்டைடு என்று ஒரு ஊசி மருந்தைச் சொல்கிறார்களே, அது சில வருஷங்களுக்கு முன்னால்தான் வந்தது. கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, அடியில் உறைபனி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பொடி. குப்பிமேல் பெயரே இருக்காது. வெளி அட்டையில் மட்டும் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும். எலிகள் கூரியர் வாங்கி நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர்கள் எல்லாம் மனிதர்கள்தான். ஊசிபோடும் பெண்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் எப்போதும் ஒரே சண்டை. இரண்டு பெப்டைடுகளில் எது உசத்தி?

முதலாவதை அவர்கள் வளர்ப்பான் என்பார்கள். மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பியைத் தட்டி எழுப்பி, வயதாக ஆகக் குறைந்துபோகிற ஹார்மோனை மறுபடி ஊற வைக்கும். நல்ல தூக்கம், நல்ல தசை, தோலில் ஒரு மினுக்கு. இரண்டாவது காவல்காரன். உடம்புக்குள் வெளி ஆள் யாராவது நுழைந்தால் அடித்துத் துரத்துகிற படை இருக்கிறது இல்லையா, அந்தப் படையை உசுப்பிவிடும். புற்றுநோய் வந்தவர்களும் அடிக்கடி சளி பிடிக்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். ஹார்மோன் சரியானால் எதிர்ப்புசக்தி தானாக வரும் என்று ஒரு கட்சி. எதிர்ப்புசக்தி இல்லாதவனுக்கு ஹார்மோன் எதற்கு என்று இன்னொரு கட்சி. குன்சானில் இருக்கிற ஒருத்தி, "எங்க நாய்க்குப் போட்டுப் பாத்தேன், காவல்காரன்தான் ஜெயிச்சான்" என்று எழுதினாள். வீட்டு நாய் ஒன்று, பக்கத்து ஊர்க் கிழவி ஒன்று என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் அது ஒப்பீடா? ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணீர், ஏறக்குறைய ஒரே வயது. அப்படி இரண்டு பேர் வேண்டும். எனக்கு இருந்தார்கள். என் மகனும் மருமகளும். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தாலும் சாப்பாடு என் கையால்தான்.

என்னைக் கொடுமைக்கார மாமியார் என்று எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். உன்சோலை எனக்குப் பிடிக்கும். பேக்கரியில் வேலை பார்த்தாள். என் மகன் தோகியூவுக்கு இனிப்பே பிடிக்காது. அப்படிப்பட்டவன் தினமும் சிவப்புப் பயறு வைத்த இனிப்பு ரொட்டியோடு வீட்டுக்கு வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சிறுநீரகம் கோளாறு. கல்யாணத்துக்கு முன்பே வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷினில் படுக்க வேண்டிய நிலை. இவன் வேலை முடிந்து வந்து அந்த வராந்தாவில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருப்பான். அவள் வெளியே வரும்போது முகம் வெள்ளைத் தாளாக இருக்கும். இவனைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள். அதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரி என்றேன். மிஷினோடு வந்தால் மிஷினோடு வரட்டும். பிள்ளை பிறக்காவிட்டால் போகட்டும். இப்படிச் சொன்ன மாமியார்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வசந்தகாலத்தில், வியட்நாம் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தோகியூ போனான். உன்சோல் தன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இருவரும் திரும்பி வந்தபோது அவன் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அவள் கன்னத்தில் நிறம் வந்திருந்தது. சியோலில் யாரோ இறந்துபோனவர் கொடுத்த சிறுநீரகம் கிடைத்துவிட்டது, ஆபரேஷனும் முடிந்துவிட்டது என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்காகக் கோயிலுக்குப் போய் நூறு தரம் விழுந்து கும்பிட்டேன். முட்டி தேய்ந்துவிட்டது.

மழைக்காலத்தில் அவன் சோர்வாக இருக்கிறது என்றான். வளர்ப்பான் போடலாம் என்று அவனைச் சோபாவில் படுக்க வைத்தேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுகிற ஊசி அது. சட்டையைத் தூக்கினேன். இடப்பக்கம் ஒரு நீளத் தழும்பு.

"இது என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பெண்டிக்ஸ்."

"நான் ஊசி போடுறவடா. அப்பெண்டிக்ஸ் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? யாருக்குக் குடுத்த?"

அவன் எழுந்து உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டான். "யாருக்குக் குடுப்பேன்? என் பொண்டாட்டிக்குத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"உனக்கு நாளைக்கு ஒண்ணு ஆனா?"

"ஒண்ணு போதும்னுதான் டாக்டர் சொன்னாரு. பாரு, நல்லாத்தான இருக்கேன்? சும்மா இரும்மா. அவகிட்ட எதுவும் கேட்டுடாத, பாவம், அவளே தெனம் ஒரு தரம் அழுதுட்டிருக்கா."

அவளே அழுகிறாள் என்று என்னிடம் சொல்கிறான்.

பெற்றவர்கள் தந்த உடம்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள் என்பது எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். பழைய பேச்சு என்பீர்கள். இருக்கட்டும். நான் யாரிடமும் கத்தவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. சோறு போட்டேன், உப்பைக் குறைத்தேன், எப்போதும் போல இருந்தேன். ஆனால் அவள் சமையலறைக்குள் வரும்போதெல்லாம் அவள் வயிற்றைத்தான் பார்த்தேன். வலது அடிவயிற்றில் வைத்திருந்தார்கள். அவள் குனியும்போது அதுவும் குனிந்தது. அவள் தண்ணீர் குடித்தால் அதுவும் குடித்தது. நான் கருவில் சுமந்து செய்தது, அடுத்த வீட்டில் குடியிருந்தது.

செத்துப்போனதற்கு ஒருநாள் அழுது முடித்துவிடலாம். என் புருஷனுக்கு அப்படித்தான் அழுது முடித்தேன். பக்கத்துக் கட்டடத்தில் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பதற்காக எப்படி அழுது முடிப்பது என்று நீங்கள் சொல்லுங்கள்.

அந்த வருஷம் அறுவடைப் பண்டிகைக்கு அவளுக்கு, தெம்புக்குக் குடிக்கிற செந்நிற ஜின்செங் வேர்ச் சாறு வாங்கிக் கொடுத்தேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிடுவேன், இனி மறைத்து என்ன? அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. இத நான் சாப்பிடக் கூடாதாம். எதிர்ப்புசக்திய ஏத்துற எதுவுமே ஆகாதாம். உடம்பு தூக்கம் கலைஞ்சா இந்தக் கிட்னிய வெளி ஆளுன்னு நெனச்சு அடிச்சுடுமாம். அதான் தெனம் மாத்திரை, அது தூங்கிட்டே இருக்கணும்னு."

"வெளி ஆளா?" என்றேன்.

"ஆமா அத்தை. எவ்வளவு வருஷம் ஆனாலும் அதுக்கு இது வெளி ஆளுதானாம்." அவள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஏதோ குழந்தையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. "நான் மட்டும்தான் சொந்தம்னு நெனக்கிறேன்."

ஜின்செங் சாறை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். அது என்னோடு தங்கவில்லை, பொக்ஜாவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வார்த்தை தங்கிவிட்டது. அவளுடைய உடம்புக்கே தெரிகிறது, அது அவளுடையது இல்லை என்று. தூக்க மாத்திரை கொடுத்துத்தான் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு வருஷம் சும்மா இருந்தேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஒரு வருஷம் முழுவதும் பச்சை மூடி டப்பா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் குழுவில் அந்தச் சண்டை சூடு பிடித்தது. வளர்ப்பானா, காவல்காரனா? நான் எதையும் அடுத்தவர் சொல்லி நம்புகிறவள் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த அறுவடைப் பண்டிகை முடிந்த கையோடு ஆரம்பித்தேன். தோகியூவுக்கு வளர்ப்பான். உன்சோலுக்குக் காவல்காரன்.

பூண்டு ஊசி என்றுதான் இருவரிடமும் சொன்னேன்.

உன்சோல் முதலில் தயங்கினாள். "ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கிறேனே அத்தை?"

"தாராளமாக் கேளு. பூண்டுச் சத்தும் வைட்டமினும்னு சொல்லு. உப்பக்கூட எண்ணிப் போடுற நான் உனக்குக் கெடுதலாப் போடுவேனா?"

தோகியூதான் சிரித்தான். "அம்மா ஊசிக்கு ஊரே வரிசைல நிக்குது, உனக்கு ஓசியில கெடைக்குது. போட்டுக்கோ."

"பூண்டு ஊசின்னா வாயில பூண்டு வாசம் வரும்னு சொல்வாங்களே?" என்று கேட்டாள் அவள்.

"அது நரம்புல போட்டா. இது வயித்துல போடுறது. வாசம் வராது, உன் புருஷன் பயப்படாம பக்கத்துல படுக்கலாம்."

வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வலது பக்கம் வேண்டாம் அத்தை, இடப்பக்கம் போடுங்கள் என்றாள். அந்த இடத்தை அவள் கையால் மூடிக்கொண்டிருந்தாள். நானும் இடப்பக்கமே போட்டேன். வலிக்கவில்லை என்றாள். என் கை அப்படி.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்கவில்லை. என்னை நம்பினாள். பச்சை மூடி டப்பாவால் வந்த நம்பிக்கை அது. நான் அதற்காகக் கிம்ச்சி போடவில்லை. ஆனால் அது உதவியது.

குப்பிகளை எங்கே வைத்தேன் என்று கேட்டீர்கள். கிம்ச்சிப் பெட்டியில்தான். அதைவிடச் சீரான குளிர் எங்கே இருக்கிறது? காவல்காரன் இடப்பக்கம், உன்சோலின் டப்பாவுக்கு அடியில். வளர்ப்பான் வலப்பக்கம். இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரே மாதிரி, இரண்டு குப்பியும் ஒரே மாதிரி, மூடி நிறமும் ஒன்றே. நான் எதன்மேலும் பேனாவால் எழுதவில்லை. என் பெட்டியில் பக்கம்தான் பெயர்.

தோகியூவுக்குத் தூக்கம் நன்றாக வந்தது. ஒரு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான். அவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, மிச்சமிருக்கிற ஒரு சிறுநீரகத்துக்கு அது நல்லதில்லை என்று உங்கள் தாளில் இருக்கிறதாம். இனிப்பு ரொட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா? அது அந்தப் பேக்கரியின் வேலை.

இனி கிம்ச்சி போட்ட நாள். நவம்பர் கடைசி. எண்பது முட்டைக்கோசை முந்தின நாளே உப்பில் ஊறவைத்திருந்தேன். கூடம் முழுக்க நீலப் பிளாஸ்டிக் விரித்து, சிவப்பு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொக்ஜா விடிகாலையிலேயே வந்துவிட்டாள். உன்சோல் முகமூடி போட்டுக்கொண்டு ஓரமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நோய் தொற்றிக்கொள்ளக் கூடாதே.

"அண்ணி, மருமகளுக்கு மட்டும் பேரிக்கா, இறால், எல்லாம் தேனா ஊத்துறீங்க," என்றாள் பொக்ஜா. "எனக்குப் போன வருஷம் குடுத்தத வாயில வெச்சா கடல்ல விழுந்த மாதிரி இருந்துச்சு."

"உன் நாக்குக்கு அதுவே அதிகம்."

"கேட்டியா உன்சோல்? உன் மாமியாரு கல்யாணமான புதுசுல எனக்கு நூடுல்ஸ்கூட ஒழுங்கா வேகவெச்சுக் குடுத்ததில்ல. உனக்கு மட்டும் ராணி மரியாதை. என்ன மந்திரம் போட்ட, எனக்கும் சொல்லு."

"அத்தை எல்லாருக்கும் நல்லவங்கதான் சித்தி," என்றாள் உன்சோல்.

"ஐயோ, வாயில நெய் வடியுது. தோகியூ, உன் பொண்டாட்டிய மந்திரி சபையில சேத்துடு."

புது டப்பாக்களை அடுக்கும் வேலையைப் பொக்ஜா எடுத்துக்கொண்டாள். நான் மசாலாவில் முழங்கை வரை இருந்தேன். எழுந்திருக்கவில்லை. அங்கேதான் தவறு நடந்தது. எந்த வீட்டிலும் இந்த ஒரு நாள்தான் கிம்ச்சிப் பெட்டியை வெளியாள் தொடுவது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பழையதை ஒதுக்கி, புதியதை அடியில் வைத்து அடுக்குவார்கள். நாற்பது வருஷமாகக் கிம்ச்சி போடுகிற நான் அதை மறந்திருந்தேன்.

"அண்ணி, இது என்ன குட்டிக் குட்டி பாட்டிலு? மூஞ்சிக்குப் போடுற மருந்தா? எனக்கும் ரெண்டு ஊசி குத்தி விடுங்க. எங்க வீட்டுக்காரரு யாரோ புதுப் பொம்பளன்னு நெனச்சு மரியாதையாப் பேசட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு அட்டைப்பெட்டியையும் பிரித்து, குப்பிகள் அத்தனையையும் ஒரே டப்பாவில் கொட்டி, அதை வலப்பக்கம் வைத்து மூடியிருந்தாள். எடம் அடைக்குதுன்னு ஒண்ணா ஆக்கிட்டேன் அண்ணி, என்றாள் பெருமையாக.

வக்கீல் தம்பிக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். பொக்ஜாவும் சாட்சி சொல்லத் தயார். அழுதுகொண்டே சொல்வாள்.

மத்தியானம் பன்றி இறைச்சியை வேகவைத்து, புதுக் கிம்ச்சியோடு எல்லோரும் சாப்பிட்டோம். என் கையெல்லாம் மசாலா. உன்சோல் முட்டைக்கோஸ் இலையில் ஒரு துண்டு இறைச்சி வைத்து, பூண்டு வைத்துச் சுருட்டி, "ஆ காட்டுங்க அத்தை" என்று என் வாயில் ஊட்டினாள். பெரிய உருண்டை. மெல்ல முடியவில்லை. மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. "போதும்டி, மூச்சு முட்டுது," என்றேன். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க, நான் பாத்துட்டேதான் இருந்தேன்," என்றாள். தொண்டை வரைக்கும் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அன்பாக யாரும் எனக்கு ஊட்டியதில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

புத்தாண்டுப் பண்டிகைக்குள் அவள் கணுக்கால் வீங்கிவிட்டது. விழுந்து வணங்க வந்தவளால் முட்டி மடக்க முடியவில்லை. நான்தான் வேண்டாம், உட்கார் என்றேன். அரிசிப்பலகாரச் சூப்பைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த வாரம் சியோலுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே வைத்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்துவிட்டது என்றார்கள். என்னென்னவோ செய்தார்கள். நிற்கவில்லை. இப்போது பழையபடி மிஷின். உயிருக்கு ஆபத்து வந்து தப்பிவிட்டாள் என்று கேள்வி. உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் மிஷினோடு இருந்தபோதுதானே கல்யாணத்துக்குச் சரி சொன்னேன்?

அங்கே இருந்த டாக்டர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். மாத்திரை தவறவில்லை, வெளிச் சாப்பாடு இல்லை. கடைசியில் அவள், அத்தை பூண்டு ஊசி போட்டார்கள், வேறு ஒன்றும் இல்லை என்றிருக்கிறாள். தோகியூ அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிம்ச்சிப் பெட்டியைத் திறந்து குப்பிகளை எடுத்தான்.

"இது என்னம்மா?"

சொன்னேன். வளர்ப்பான், காவல்காரன், யாருக்கு எது, எல்லாம். நான் அவனிடம் பொய் சொல்கிறவள் இல்லை. வியட்நாம் என்று பொய் சொல்லிவிட்டுப் போனவன் அவன்.

அவன் குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு பச்சை மூடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். சாப்பாட்டுக் கழிவுத் தொட்டியில் அவன் அதைக் கவிழ்ப்பதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு வருஷத்துக்கான கிம்ச்சி. அவளுக்கென்று உப்பு குறைத்தது. புகார் கொடுத்தது அவன்தான் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த டப்பாவை அவன் கவிழ்த்ததைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குப்பிகள் கலந்துபோன பிறகு எது எது என்று தெரியாமல்தானே போட்டீர்கள் என்று கேட்டீர்கள். கேட்கும்போது உங்கள் குரல் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. ஆமாம் என்றால் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்வீர்கள். தண்டனையும் குறையும் என்கிறார் வக்கீல் தம்பி.

எனக்கு அது வேண்டாம்.

கிம்ச்சி போட்ட அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, டப்பாவிலிருந்த குப்பிகளை மேசைமேல் பரப்பினேன். வந்த அட்டைப்பெட்டிகளைப் பொக்ஜா கசக்கிப் போட்டிருந்தாள். குப்பிகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன என்று நினைப்பீர்கள். நன்றாகப் பார்த்தால் ரப்பர் மூடியைச் சுற்றியிருக்கும் தகரத்தில் இரண்டு விதமான அழுத்தத் தடம் தெரிந்தது. ஒரு விதம் வளர்ப்பான், இன்னொன்று காவல்காரன். எந்தத் தடம் எது என்பதுதான் தெரியவில்லை. எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது. ஒப்பீடு பாதியில் நின்றுவிடுமே என்று அதைத் தள்ளிவிட்டேன்.

ஒரே தடம் உள்ளவற்றிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, தண்ணீர் கலந்து, என் வயிற்றிலேயே போட்டுக்கொண்டேன். வளர்ப்பானுக்கு ஒரு குணம் உண்டு. போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்தில் அகோரமாகப் பசிக்கும். குடலைப் பிடித்து இழுக்கிற பசி. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். தொண்டை வரைக்கும் உன்சோல் ஊட்டியது நிறைந்திருந்தது. அப்படியும் பசித்தது. எழுந்து போய் மிச்சமிருந்த இறைச்சியை நின்றபடியே கையால் அள்ளித் தின்றேன். பிறகு கைகழுவிவிட்டு வந்து குப்பிகளைத் தடம் பார்த்துப் பிரித்தேன். வளர்ப்பானை வலப்பக்கம் வைத்தேன். காவல்காரனை இடப்பக்கம், பச்சை மூடி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

மறுவாரம் அவள் வந்து, இடப்பக்கம் போடுங்கள் அத்தை என்று சட்டையைத் தூக்கியபோது, என் கையில் இருந்தது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்பும் தெரியும், அதற்குப் பிறகும் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரியும். ஜின்செங் சாறைத் திருப்பிக் கொடுத்த அன்றே அவள் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டாள். தூங்குகிற படையை நான் எழுப்பினேன். என் மகனுடையதை அங்கிருந்து எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன். அவன் உடம்புக்கு அது திரும்பி வராது என்றும் தெரியும், நான் முட்டாள் இல்லை. அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள். கொலைகாரி என்று வேண்டுமானாலும் எழுதுங்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மாற்றிப் போட்டவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை வக்கீல் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னாலேயே நான் ஜொன்ஜுவுக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தேன். என் ரத்தம் அவளுக்கு ஒத்துவருகிற வகை. இரண்டு சிறுநீரகமும் இந்த வயதிலும் நன்றாக வேலை செய்கின்றன. அவனுடையது போனதும் என்னுடையதைக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். பிள்ளை கொடுக்கக் கூடாது, பெரியவள் கொடுக்கலாம். அப்படித்தானே முறை? நீங்கள் கைது செய்த மறுநாளே பொக்ஜாவிடம் சொல்லி அனுப்பினேன்.

பொக்ஜா பதில் கொண்டுவந்தாள். உன்சோல் கோபப்படவில்லையாம். "அத்தைகிட்ட சொல்லுங்க சித்தி, எனக்கு மிஷினே போதும்" என்றாளாம்.

அதை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வெளி ஆளுடையது வேண்டாம் என்றால் புரியும். நான் அவளுக்கு வெளி ஆளா? தன் கையால் எனக்கு ஊட்டியவள், என் கையால் வாங்கிக்கொள்ள இவ்வளவு பிடிவாதம் ஏன் பிடிக்கிறாள்? நீங்கள் அவளைப் பார்க்கப் போகும்போது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.